கோட்டுக்கு அடியில் இருந்த மேடு

பஞ்சாட்சரம் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே டார்ச்சை மாட்டுக் கொட்டகைச் சுவரோடு நகர்த்தினார். கூரைக்கும் சுவருக்கும் நடுவில் வைக்கோல் செருகியிருந்த இடுக்குக்குக் கீழே இன்னொரு கொசு உட்கார்ந்திருந்தது. தலையைச் சுவரில் ஊன்றி, பின்பக்கத்தைத் தூக்கி, சாய்த்து அடித்த ஆணி மாதிரி. வாயில் கவ்வியிருந்த ரப்பர் குழாயின் மறுமுனையில் கண்ணாடிக் குழாய். அதைக் கொசுவின் பின்னாலிருந்து மெல்லக் கொண்டுபோனார். ஒரு சின்ன உறிஞ்சல். கொசு உள்ளே வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துச் சட்டைப்பையில் போன் அடித்தது.

எடுக்க முடியாது. கொசுவை வலை கட்டிய காகிதக் கோப்பைக்குள் ஊதிவிட்டு, வலையின் ஓட்டையைப் பஞ்சால் அடைத்த பிறகுதான் வாய் சும்மாவாகும்.

“போனு கத்திகினே கீது பாரு, கொசுக்காரரே” என்றாள் கௌரியம்மாள். மாட்டுக்கு அந்தப் பக்கம் குந்திப் பால் கறந்துகொண்டிருந்தாள். “ஊட்டுக்காரம்மா தேடுதா?”

“அவ தறி ஓட்டினு இருப்பா. போனு பக்கமே வர மாட்டா.”

பஞ்சாட்சரத்துக்கு ஐம்பத்து நான்கு வயது. திருத்தணியிலிருந்து பள்ளிப்பட்டு போகும் வழியில், கொசஸ்தலை ஆற்றோரமும் அதற்கு மேலே மேட்டிலுமாகப் பதினோரு ஊர்களில் அவருக்குக் கொசுக்காரர் என்றுதான் பெயர். சொந்தப் பெயர் தெரிந்தவர்கள் குறைவு. அதில் அவருக்கு வருத்தம் இல்லை. இருபத்திரண்டு வருஷம் விசைத்தறிக் கூடத்தில் பழுதுபார்க்கும் வேலை செய்தவர். அந்தச் சத்தத்தில் இடது காது போயிற்று. வலது காதாவது மிஞ்ச வேண்டுமானால் தறிப் பக்கம் போகக்கூடாது என்று அரக்கோணத்து டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் இருந்த இரண்டு தறிகளையும் மனைவி சந்திரா எடுத்துக்கொண்டாள். இவர் டெங்குக் காலத்தில் வீடு வீடாகப் போய்த் தண்ணீர்த் தொட்டிக்குள் எட்டிப் பார்க்கும் தற்காலிக வேலைக்குப் போனார். அங்கே இவருடைய கண்ணையும் கையையும் பார்த்துவிட்டுத்தான் சென்னை ஆய்வுக்கூடத்துக்காரர்கள் கொசு பிடிக்கும் வேலைக்குக் கூப்பிட்டார்கள்.

விடிகாலை மாட்டுக் கொட்டகை அவருக்குப் பிடித்திருந்தது. மாடு அசை போடும் சத்தம், சாணி விழும் சத்தம், அவ்வளவுதான். இருக்கிற ஒற்றைக் காதுக்கு இப்படி ஓர் இடம் கிடைத்ததே என்று நினைத்துக்கொள்வார்.

வெளியே வந்து போனைப் பார்த்தார். கூப்பிட்டது விஜயராகவன். ஆய்வுக்குத் தலைவர். இந்த நான்கு மாதத்தில் ஒருநாள்கூட அவரே கூப்பிட்டதில்லை. திருப்பிக் கூப்பிட்டதும் இரண்டே வாக்கியம் சொன்னார். நாளைக்குச் சென்னை ஆபீசுக்கு வர வேண்டும். எந்த ஊரில் எத்தனை பிடித்தது என்று எழுதிய நோட்டையும் கொண்டுவர வேண்டும்.

பஞ்சாட்சரம் பிடித்துக் கொடுத்தது மலேரியா பரப்பும் கொசு. அதில் ஒன்றல்ல, இரண்டு வகை. பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்தாலும் இறக்கையில் அதே புள்ளி, காலில் அதே நிறம். ஒன்று பெரும்பாலும் மாட்டோடு நின்றுகொள்ளும். மற்றது ஆளைத் தேடி வீட்டுக்குள் வரும், காய்ச்சலை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கொண்டுபோகும். எந்த ஊரில் எது என்று தெரிந்தால்தான் எங்கே மருந்தடிப்பது என்று முடிவு செய்ய முடியும். கண்ணால் முடியாததை மேல்தோலை வைத்துச் செய்யலாம் என்று பயிற்சியின்போது பானுப்ரியா சொன்னாள். ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யும் பெண். அரக்கோணத்தில் ரயில்வே குடும்பம். எந்தப் பூச்சியானாலும் உடம்பு காய்ந்துபோகாமல் இருக்க மேலே மெழுகு மாதிரி மெல்லிய பூச்சு இருக்கும். கொசுவை ஒரு திரவத்தில் பத்து நிமிஷம் ஊற வைத்தால் பூச்சு கரைந்து வந்துவிடும். அதை மெஷினில் விட்டால், எந்தெந்த மெழுகு எவ்வளவு என்று காகிதத்தில் கோபுரம் கோபுரமாகக் கோடு போட்டுக் காட்டும். இரண்டு கொசுவிலும் இருப்பது அதே மெழுகுகள்தான். அளவுதான் வேறு.

பஞ்சாட்சரம் சற்று யோசித்துவிட்டுக் கேட்டார். “ரெண்டு சேலையிலயும் அதே அஞ்சு கலர் நூலு. பாவுல எத்தனை இழை போட்டிருக்கோம்ங்கறதுதான் வேற. அப்படித்தானுங்களே?”

அதன் பிறகு பானுப்ரியா யாருக்கு விளக்கினாலும் சேலையை வைத்துத்தான் விளக்கினாள்.

மறுநாள் ஆபீசில் விஜயராகவன் மேஜைமேல் இரண்டு காகிதங்களைப் போட்டார். முதலாவது வேறொரு மாவட்டத்தில் வேறு ஒருவர் பிடித்த கொசு. தட்டையான கோட்டின் மேல் கோபுரங்கள் தனித்தனியாக நின்றன. இரண்டாவது பஞ்சாட்சரம் பிடித்தது. அதிலும் கோபுரங்கள் இருந்தன. ஆனால் கோடு தட்டையாக இல்லை. நடுவில் ஒரு குன்று எழும்பி, கோபுரமெல்லாம் அதன்மேல் ஏறி நின்றது. பார்த்ததும் பஞ்சாட்சரத்துக்குத் தணிகை மலைதான் நினைவுக்கு வந்தது. சிரித்துவிட்டார்.

விஜயராகவன் சிரிக்கவில்லை. அந்த மேடு பூச்சியின் மெழுகு இல்லை, இயந்திரங்களுக்குப் போடும் எண்ணெய் என்றார். பதினோரு ஊர்க் கொசுவிலும் அதே மேடு. ஆற்றோரம், மேட்டு நிலம், மலையடிவாரம், எல்லாவற்றிலும் ஒரே எண்ணெய்.

“உங்க வீட்டுல விசைத்தறி இருக்கா?”

“ரெண்டு ஓடுது சார்.”

தறிக்கூடத்துக் காற்றில் எண்ணெய் மிதக்கும், அங்கே உட்காரும் கொசுமேல் அது படியும் என்று விஜயராகவன் விளக்கினார். குரலை உயர்த்தவில்லை. பஞ்சாட்சரம் பதினோரு ஊருக்கும் போகவில்லை, எல்லாக் கொசுவையும் வீட்டுத் தறிக்கூடத்திலேயே பிடித்து, குப்பிமேல் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி மாற்றி எழுதியிருக்கிறார். இதுதான் அவர் சொல்லவந்தது.

“இல்லீங்க சார்.”

“கொசு பொய் சொல்லாது, பஞ்சாட்சரம்.”

பத்து நாள் கொடுத்தார். இன்ன தேதியில் இவர் எங்கள் கொட்டகைக்கு வந்து கொசு பிடித்தார் என்று ஒவ்வொரு வீட்டுக்காரரிடமும் எழுதி, கையெழுத்து வாங்கி வர வேண்டும். இல்லையென்றால் வேலை அத்தோடு சரி. நோட்டை அவரே வைத்துக்கொண்டார்.

ரயிலில் உட்கார இடம் கிடைத்தும் பஞ்சாட்சரம் திருத்தணி வரை நின்றுகொண்டே வந்தார். கையெழுத்து வாங்குவது கஷ்டமில்லை. கேட்டால் கௌரியம்மாள் பத்துப் போடுவாள். ஆனால் எதற்கு என்று கேட்பாள். சொல்ல வேண்டும். இவர்மேல் சந்தேகம் என்று ஓர் ஊரில் தெரிந்தால் பதினோரு ஊரிலும் தெரிந்துவிடும். வீட்டு ஆண்கள் எழுந்திருக்கும் முன்னால், பொம்பளைகள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சாணி வாருகிற நேரத்தில், கையில் டார்ச்சோடு கொட்டகைக்குள் நுழைகிற ஆள் அவர். இதுவரை ஒருத்தி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கொசுக்காரர்தானே என்று விட்டுவிடுவார்கள். அந்தத் ‘தானே’ போய்விட்டால் பிறகு எந்த வாசலில் போய் நிற்பது?

வீட்டில் விஷயத்தைக் கேட்டதும் சந்திரா தறியை நிறுத்தினாள். பகலில் மின்சாரம் போனால் ஒழிய அவள் தறியை நிறுத்துவதில்லை.

“நான் வரேன் அந்த சாருகிட்ட. நம்ம தறிகிட்ட கொசு எங்க நிக்குது? அந்தச் சத்தத்துல மனுசனே நிக்க முடியாம நீங்க ஓடிட்டீங்க. கொசு மட்டும் உக்காந்து பாட்டு கேக்குதாமா?”

“கம்முனு இரு.”

“நாலு மாசமா தலைக்கு எண்ணெ வெக்காம பரட்டையாத் திரியறீங்களே, அதையாவது சொன்னீங்களா?”

அதை அவர் சொல்லவில்லை. ஆனால் அது உண்மை. பயிற்சியின்போது பானுப்ரியா திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். கொசுமேல் எண்ணெய் படக்கூடாது, கை படக்கூடாது, பவுடர், விபூதி எதுவும் கூடாது. பிளாஸ்டிக் டப்பா கூடாது, கண்ணாடிக் குப்பிதான். கேட்டுவிட்டு வந்த அன்றே தேங்காய் எண்ணெயை நிறுத்தினார். கொசு பிரிக்க உட்காரும் முன்னால் கையை மூன்று முறை கழுவினார். விபூதியைத் தானே தொடாமல் சந்திராவை நெற்றியில் இட்டுவிடச் சொன்னார். ஐம்பது வயதுக்கு மேல் புது மாப்பிள்ளை மாதிரி நெற்றியைக் காட்டிக்கொண்டு நிற்கிறாரே என்று அவள் கேலி செய்தபடி இட்டுவிட்டாள்.

மூன்று நாள் போயிற்று. அவர் எந்த ஊருக்கும் போய்க் கையெழுத்துக் கேட்கவில்லை. நான்காம் நாள் பானுப்ரியா போன் செய்தாள். ஏன் கேட்கவில்லை என்றாள். போனை வலது காதோடு அழுத்திக்கொண்டார்.

“சரி, எங்கிட்ட மட்டும் சொல்லுங்க அண்ணா. ஒரு ஊராவது, மழை, பஸ் வரல, ஏதோ ஒண்ணு, வீட்டுலயே பிடிச்சிட்டு எழுதினீங்களா?”

“இல்ல மேடம்.”

“எண்ணெய்?”

“தணிகை முருகன்மேல ஆணையா எண்ணெயே தொடல. தலைக்குக்கூட வெக்கல.”

“கையெழுத்து வேணாம். நாளைக்கு எந்த ஊர்? நானே வரேன்.”

விடியுமுன் அரக்கோணத்திலிருந்து ரயிலேறி வந்துவிட்டாள். முதல் பஸ்ஸில் இருவரும் கௌரியம்மாளின் ஊருக்குப் போனார்கள். இந்தப் பொண்ணு யாரு என்று கௌரியம்மாள் கேட்டதற்கு, பெரிய ஆபீசிலிருந்து வேலை கற்றுக்கொள்ள வந்திருக்கிறேன் என்று பானுப்ரியாவே சொல்லிவிட்டாள். பஞ்சாட்சரம் டார்ச்சைப் போட்டார். குழாயை வாயில் வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினார்.

அன்று பதினேழு கிடைத்தன. பானுப்ரியா அவர் பின்னாலேயே நின்று டார்ச், குழாய், கோப்பை, பஞ்சு எல்லாவற்றையும் பார்த்தாள். ஏதோ நோட்டில் குறித்தாள். ஒன்றும் அகப்படவில்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

எட்டு மணிக்கு வீடு வந்தார்கள். முன்னறையில்தான் கொசு பிரிப்பது. தறி ஓடும் அறை பின்னால், நடுவில் கனத்த கதவு. கோப்பைகளை ஐஸ் பெட்டிக்குள் வைத்தார். கொசுக்கள் அடங்கும் வரை கையைக் கழுவினார், ஒருமுறை, இருமுறை, மூன்றுமுறை. வெள்ளைக் காகிதம் விரித்தார். சந்திரா வந்து விபூதி இட்டுவிட்டுப் போனாள். பானுப்ரியா முக்காலியில் உட்கார்ந்து பார்த்தபடி இருந்தாள். கதவிடுக்கைப் பார்த்தாள். மேஜையைத் தடவி விரலை முகர்ந்தாள். தறி ஓடும் வீடு மாதிரியே இல்லை, அவ்வளவு சுத்தம்.

துணிச் சுருளைப் பிரித்து இடுக்கியை எடுத்தார். கொசுவின் ஒரு காலை மட்டும் பிடித்துத் தூக்கும் மெல்லிய இடுக்கி. ஜன்னல் வெளிச்சத்தில் அது மின்னியது.

“புதுசா அண்ணா?”

“நீங்க அன்னிக்குக் குடுத்ததுதான் மேடம்.”

“நாலு மாசம் ஆத்தோரம் அலைஞ்ச மாதிரியே இல்லையே.”

பஞ்சாட்சரத்துக்கு மகிழ்ச்சி. கருவியைப் பார்த்து ஆளை எடைபோடுகிறவர்கள் நடுவில் இருபத்திரண்டு வருஷம் இருந்தவர். “எவர்சில்வர் இல்லீங்க, இரும்புதானே. தினம் வேலை முடிஞ்சதும் தொடச்சி ஆயில் போட்டு சுருட்டி வெச்சிடுவேன். இல்லன்னா ஒரே வாரத்துல துரு ஏறிடும்.”

பானுப்ரியா முக்காலியிலிருந்து எழுந்தாள். “என்ன போட்டு?”

“ஆயில். தறிக்குப் போடறது.”

“அண்ணா, எண்ணெயே தொடலைன்னு சொன்னீங்களே.”

“எண்ணெ எங்க தொட்டேன்? இது ஆயிலு...”

சொன்னது தன் காதிலேயே விழுந்தது. நிறுத்தினார். கதவுக்குப் பின்னால் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன.

அந்த வீட்டில் எண்ணெய் என்றால் தலைக்கு வைப்பது, வாணலியில் ஊற்றுவது, விளக்குக்கு விடுவது. தறிக்கும் தையல் மெஷினுக்கும் சைக்கிளுக்கும் போடுவது ஆயில். இரண்டையும் யாரும் குழப்பிக்கொண்டதில்லை. குழப்பினால் சாப்பாடு கெடும். இரும்பைக் கீழே வைக்கும்போது ஆயில் துணியால் ஒரு இழுப்பு இழுப்பது அவர் கைக்கு இருந்த பழக்கம். அதைச் செய்கிறோம் என்பதுகூட அவருக்கு நினைவில்லை. நினைவிருந்தாலும் தடுத்த பட்டியலில் அது இல்லை.

பானுப்ரியா தலையில் கை வைத்துக்கொண்டாள். “ஆயில்னு இங்கிலீஷ்ல சொன்னா உங்களுக்குப் புரியாதுன்னு நெனச்சி நான்தான் மெனக்கெட்டு எண்ணெய்னு சொன்னேன்.”

சத்தம் கேட்டு வந்த சந்திரா கதவில் சாய்ந்து விஷயத்தைக் கேட்டுக்கொண்டாள். “ஆங்” என்றாள் மெதுவாக. “தலைக்கு வெக்காத எண்ணெய எல்லாம் சேத்து கொசுவுக்கு வெச்சிருக்காரு.”

பானுப்ரியா கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். பஞ்சாட்சரம் சிரிக்கவில்லை. இடுக்கியைக் காகிதத்தின்மேல் வைத்துவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டார். அந்த நுனியில் இருக்கிற ஈரம் ஒரு மேட்டை எழுப்பப் போதுமா என்று கேட்டார். தெரியாது, பார்க்க வேண்டும் என்றாள் அவள். சிரிப்பு அடங்கியிருந்தது. இவருக்காகப் பேச வேண்டும் என்றால் வெறும் வாயால் பேசிப் பயனில்லை, மெஷின் பேச வேண்டும்.

பதினேழில் எட்டை அவருடைய இடுக்கியாலேயே எடுத்துக் குப்பிகளில் போடச் சொன்னாள். ஒன்பதை, தன் பையிலிருந்த புது இடுக்கியைத் திரவத்தில் கழுவி, அதைக்கொண்டு எடுக்கச் சொன்னாள். கொசு போடாத வெறும் குப்பி ஒன்றில் பழைய இடுக்கியின் நுனியை மட்டும் கழுவி எடுத்துக்கொண்டாள். தறியிலிருந்து ஒரு சொட்டு ஆயிலைச் சந்திரா குச்சியால் தொட்டு இன்னொரு குப்பியில் விட்டுக் கொடுத்தாள். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னதற்கு, பதினொரு மணி ரயிலைப் பிடித்தால் இன்றைக்கே மெஷினில் போடலாம் என்று ஓடினாள்.

அடுத்த இரண்டு நாளும் பஞ்சாட்சரம் வீட்டிலேயே இருந்தார். ஊருக்குப் போகவும் மனமில்லை, போகாமல் இருக்கவும் முடியவில்லை. விடிகாலை நான்கு மணிக்கு எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றுவிட்டு உள்ளே வந்தார். சந்திரா அதைக் கவனித்தாள். அறுந்த இழையை முடி போட ஆள் தேவைப்படுவதுபோல் அடிக்கடி கூப்பிட்டாள். அவளுக்கு ஆள் தேவைப்படாது என்பது அவருக்குத் தெரியும். காதில் பஞ்சை வைத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் நின்றார்.

மூன்றாம் நாள் மாலை போன் வந்தது. எட்டுக் கொசுவிலும் மேடு. ஒன்பதில் மேடு இல்லை, கோடு தட்டை. வெறும் இடுக்கியைக் கழுவிய குப்பியில் கோபுரமே இல்லாமல் மேடு மட்டும். தறி ஆயிலும் அதே மேடு. நான்கு காகிதத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னலில் பிடித்து சாருக்குக் காட்டினேன் என்றாள் பானுப்ரியா. ஒரே கொட்டகை, ஒரே காலை, நான் கூட நின்றேன், என்றும் சொல்லியிருக்கிறாள்.

பிறகு போனை விஜயராகவன் வாங்கினார். 

“நான் தப்பா நெனச்சிட்டேன் பஞ்சாட்சரம். வெறும் இடுக்கியைக் கழுவிப் பார்த்திருக்கணும். அது எங்க வேலை, உங்க வேலை இல்ல.”

“பரவால்லீங்க சார்.”

“பரவாயில்லைன்னு சொல்ல முடியாது. இன்னொன்னு இருக்கு.” ஆயில் மெழுகோடு கலந்துவிட்டதால் பழைய குப்பிகளை வைத்து எது எந்தக் கொசு என்று சொல்ல முடியாது, முந்நூற்றுச் சொச்சத்தையும் விட்டுவிட வேண்டியதுதான் என்றார். பதினோரு ஊரிலும் முதலிலிருந்து பிடிக்க வேண்டும். இன்னும் நான்கு மாதம் ஆகும். முடியுமா என்று கேட்டார். கேட்கிற குரலில் ஒரு தயக்கம் இருந்தது.

“போறேன் சார்” என்றார் பஞ்சாட்சரம். போன் மறுபடி பானுப்ரியா கைக்குப் போயிற்று.

பானுப்ரியாவிடம் நன்றி என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த வார்த்தையை அவர் யாரிடமும் நேராகச் சொன்னதில்லை. அந்த ஒன்பது என்ன ஆயிற்று என்று கேட்டார். ஏழு மாட்டோடு நிற்கிற வகை, இரண்டு ஆளைத் தேடுகிற வகை என்றாள். ஒரே கொட்டகையில் இரண்டும் இருந்திருக்கிறது. தான் பிடித்ததைப் பற்றி அவருக்குத் தெரிய வந்த முதல் செய்தி அது. இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

கேட்டுவிட்டுச் சந்திராவிடம் போனார். கதவைத் திறந்து தறிச் சத்தத்துக்குள் நின்று, ஏழு ரெண்டு என்று விரலைக் காட்டினார். அவளுக்கு என்ன என்று புரியவில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். அவர் அங்கேயே நின்றார். பானுப்ரியா ஒரு விடிகாலையில் எழுந்து ரயிலேறி வந்தாள். வேலை கற்றுக்கொள்ள வந்திருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னாள். பதினோரு ஊரில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. நாளைக்கும் அவர் கொசுக்காரர்தான். சந்திரா இங்கே இரண்டு தறியை ஓட்டி, அவர் காதுக்கு வர வேண்டிய சத்தத்தை வாங்கிக்கொண்டிருக்கிறாள். யாரிடம் எதைச் சொல்வது? தறி நிற்கும் வரை காத்திருந்து அவளுக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

“இன்னாத்துக்கு இப்போ தண்ணி?” என்றாள். வாங்கிக் குடித்தாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஐந்து மணி பஸ்ஸில் பட்டியலில் முதலாவதாக இருந்த ஊருக்குப் போனார். மூன்று கொட்டகை. முதலாவதில் ஆறு கொசு, இரண்டாவதில் எட்டு. மூன்றாவது வீட்டில் முந்தின நாள் மாடு கன்று போட்டிருந்ததால் உள்ளே வர வேண்டாம் என்றார்கள். வாசலிலேயே நிறுத்தி ஒரு கிண்ணத்தில் சீம்பால் கொடுத்தார்கள். திரும்பும்போது தூறல். பஸ் இருபது நிமிஷம் தாமதம். ஒன்பதரைக்கு வீடு வந்து, பானுப்ரியா விட்டுப்போயிருந்த புது இடுக்கியால் பதினான்கையும் பதினான்கு குப்பிகளில் போட்டு, ஊர்ப் பெயரும் தேதியும் எழுதி ஒட்டினார்.